வெக்கை போச்சு, காணை போகலை

இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தலைகாட்டியது தமிழ்நாட்டில்தான். 1995 ஜூனில், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில். கால்நடைத் தடுப்பு மருந்துக்கென்றே 1932 முதல் இராணிப்பேட்டையில் ஒரு நிறுவனம் இயங்கிவரும் மாவட்டம் அது. விடைபெறும் நோய் வாசலில் ஒரு முறை நின்று பார்த்துவிட்டுப் போனது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு நாட்டில் ஒரு மாட்டுக்கும் அது வரவில்லை. 2006இல் இந்தியாவுக்கு வெக்கை அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. 2011இல் உலகத்தை விட்டே போய்விட்டது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த நோய் இதுவே.

வெக்கையைக் கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் சொல்வது நாற்றத்தைத்தான். கடும் காய்ச்சல் வந்த மாட்டின் உதட்டைப் பிரித்துப் பார்த்தால் ஈறிலும் உள் உதட்டிலும் தவிடு தூவினாற்போல் படிந்திருக்கும். துடைத்தால் தவிடு போய் அடியில் பச்சைப் புண் தெரியும். கண்ணும் மூக்கும் ஒழுகும். பிறகு கழிச்சல், தண்ணீராய்ப் பீய்ச்சி அடிக்கும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்துப் பன்னிரண்டு நாள், அதற்குள் முடிந்துவிடும். ஒரு கொட்டகையில் ஒன்றுக்கு வந்தால் மற்றதைக் கணக்கில் வைக்க வேண்டியதில்லை.

காணை அப்படியல்ல. அதுவும் வாயில்தான் தொடங்கும், ஆனால் ஆளைக் கொல்லாமல் அலைக்கழிக்கும். கோமாரி என்றும் சொல்வார்கள். கால் காணை, வாய்க் காணை என்று பிரித்தும் சொல்வார்கள். அந்தக் காலத்து விவசாயிக்கு இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் தேவைப்படவில்லை. வாய்ப் புண் வந்த மாடு கழிய ஆரம்பித்தால் வெக்கை, நொண்ட ஆரம்பித்தால் காணை. முன்னது வந்தால் பெண்டு பிள்ளைகள் அழுதார்கள். பின்னது வந்தால், "வந்த வழியா போயிடும், ரெண்டு வாரம் கட்டிப் போடு" என்றார்கள். அந்த அலட்சியம்தான் இன்றைக்கும் நம்மை விடாமல் துரத்துகிறது என்பது என் எண்ணம். வெக்கையை ஒழிக்க அரசும் ஊரும் ஒன்றாக நின்றதற்கு அது கொன்றதே காரணம். காணை கொல்லாமல் விட்டதால் அதற்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பது ஒரு கைப்பழக்கம். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாகக் கையை நுழைத்து, நாக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் மாடு கடிக்காது, வாய் தானே திறந்துகொள்ளும். மேல்தாடையில் முன்பல் கிடையாது, கெட்டியான ஈறு மட்டும்தான். காணையின் கொப்புளம் அந்த ஈறிலும் நாக்கின் மேலும் எழும்பும். நீர் கோத்து வெளுத்திருக்கும். ஒரு நாள் பொறுக்காது, உடைந்துவிடும். அந்த நேரத்தில் நாக்கைப் பிடித்து இழுத்தவர் கையோடு மேல்தோல் உரிந்து வந்துவிடும். கீழே ரத்தச் சிவப்பாய்ச் சதை. இந்த வாயோடு மாடு எப்படி வைக்கோல் தின்னும்? அசை போடுவதை நிறுத்திவிடும். எச்சில் நூலாய்த் தரையைத் தொடும். வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டே நிற்கும். இருட்டில் கொட்டகைப் பக்கம் போனால் அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அடுத்த ஓரிரு நாளில் குளம்புப் பிளவில் புண், மடிக் காம்பில் புண்.

இப்படி வாய்க்குள் கைவிடும் பழக்கத்துக்கு அன்று வேறொரு பெரிய காரணம் இருந்தது. சந்தை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது காசு கொடுக்காதவனுக்குச் சொன்னது. காசு கொடுப்பவன் பார்க்காமல் வாங்க மாட்டான். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயதை வாயில்தான் படித்தார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் கண்ணபுரம் சந்தையிலும் வாரச் சந்தையான மணப்பாறையிலும் ஒரு தரகர் ஒரு காலைப் பொழுதில் எத்தனை மாட்டின் வாயைத் திறப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றின் எச்சில் அடுத்ததன் நாக்கில். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அதே துண்டை மேலே போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். காணை வைரஸுக்கு இதைவிட வசதியான வாகனம் வேண்டுமா? கொப்புளம் வெளியே தெரிவதற்கு முன்பே எச்சிலிலும் பாலிலும் வைரஸ் வந்துவிடுகிறது. சந்தையில் கட்டியிருந்தபோது மாடு நன்றாகத்தான் இருந்தது என்று விற்றவர் சத்தியம் செய்தால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது சந்தையில் பல் பார்க்கும் கை குறைந்துவிட்டது. உழவு மாடே குறைந்துவிட்டதால் வந்த விளைவு. கறவை வாங்குபவர் மடியைப் பார்க்கிறார், எத்தனையாவது ஈத்து என்று கேட்கிறார், காதில் தொங்கும் மஞ்சள் தோட்டைப் புரட்டி எண்ணைப் படிக்கிறார். ஆனால் பொள்ளாச்சிச் சந்தையில் ஏற்றிய லாரி அன்று இரவே கேரளத்துக்குள் போய்விடுகிறது. கால்நடையாக மாடு ஓட்டிப் போன காலத்தில் நோய் தெரிந்துவிட்டால் பாதி வழியிலேயே பயணம் நின்றது. லாரிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

அன்று காணையால் என்ன நட்டம் என்று கேட்டால் பதில் உழவு. மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாலைந்து நாளில் ஏர் பூட்ட வேண்டிய காளை, குளம்பில் புண்ணோடு மூன்று காலில் நிற்கும். பக்கத்து வீட்டில் இரவல் கேட்கவும் முடியாது. மந்தை ஒன்றாக மேய்ந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அதே நிலைமை. பதம் போனால் விதைப்பு போச்சு. நாட்டு மாடுகள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன. காங்கேயமும் உம்பளச்சேரியும் நோயைத் தாங்கின, இளைத்துப் போய்த் தேறின. பால் போனதை யாரும் பெரிதாகக் கணக்கிடவில்லை, கறந்ததே வீட்டுக்குத்தான்.

இன்று உழவை டிராக்டர் பார்த்துக்கொள்கிறது. வீட்டில் நிற்பது ஜெர்சிக் கலப்போ பிரீசியன் கலப்போ, இரண்டு அல்லது மூன்று. அதன் மேல் கடன் இருக்கும். காலை மாலை சொசைட்டிக்குப் பால் போகும், வாராவாரம் பணம் வரும், அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே செலவு எழுதி வைத்திருக்கும். இந்த மாட்டுக்குக் காணை வந்தால் முதலில் கண்டுபிடிப்பது கறக்கும் பெண்தான். உழவு மாடு ஆண்கள் பொறுப்பில் இருந்தது, கறவை பெண்கள் பொறுப்பில் இருக்கிறது. அதனால் நோயின் முதல் அறிகுறி வாயிலிருந்து காம்புக்கு இடம் மாறிவிட்டது. என்றைக்கும் அடங்கி நிற்கும் பசு அன்று கையை வைத்ததும் உதைக்கும். காம்பில் புண். அப்புறம்தான் வாயைப் பார்ப்பார்கள்.

நாளைக்குப் பத்து லிட்டர் கறந்த பசு ஒன்றிரண்டு லிட்டருக்கு வந்துவிடும். காம்புப் புண்ணால் கறக்க விடாது, கறக்காமல் விட்டால் மடிநோய். சினையாக இருந்தால் கன்று வீசிவிடும் அபாயம். எல்லாம் ஆறிய பிறகும் சில மாடுகளுக்கு ஒரு குறை தங்கிவிடுகிறது: வெயில் ஆகாது, லேசாகச் சூடேறினாலே நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும், ரோமம் நீண்டு வளரும், சினையும் பிடிக்காது. அப்படிப்பட்ட மாட்டைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தினால் பார்த்தவர்கள் சொல்லாமலே விலகிப் போவார்கள். வந்த வழியாகப் போய்விடும் என்று அப்பா சொன்னது நாட்டு மாட்டுக்குச் சரி. மகன் வைத்திருப்பது வேறு மாடு.

வைத்தியம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டு வாகடச் சுவடிகள் நம்மிடம் நிறையவே உண்டு. அதை ஓதிய வைத்தியர்களும் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். காணை வந்த மாட்டைச் சேற்றில் இறக்கி நடக்க விடுவார்கள், அல்லது வெயிலில் சுட்ட ஆற்று மணலில். வாயை உப்புத் தண்ணீரிலோ படிகாரத் தண்ணீரிலோ கழுவுவார்கள். வாழைப்பழத்தை நல்லெண்ணெயில் தோய்த்து ஊட்டுவார்கள். ஊர் எல்லையில் வேப்பிலை கட்டி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். இதில் கழுவியதும் ஊட்டியதும் நல்ல வைத்தியம், இன்றைய மருத்துவரும் ஏறக்குறைய அதையே செய்யச் சொல்வார். சேறு நல்லதல்ல, திறந்த புண்ணில் மண் ஏறினால் புழு வைக்கும். அதைவிட மோசம், தின்னாத மாட்டுக்கு நாக்கில் முள் வளர்ந்திருக்கிறது என்று உப்பை அள்ளித் தேய்ப்பது. கன்னத்தின் உட்புறமும் நாக்கும் மாட்டுக்கு இயல்பாகவே முள் முள்ளாகத்தான் இருக்கும். தோல் உரிந்த நாக்கில் உப்பைத் தேய்த்தால் அந்தப் பிராணி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்றைய மரபு மருத்துவம் இன்னொரு வடிவம் எடுத்திருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி தொகுத்துப் பரப்பிய முறையை இப்போது தேசிய பால்வள வாரியமும் பரிந்துரைக்கிறது. சீரகம், வெந்தயம், மிளகு வகைக்கு 10 கிராம் ஊறவைத்து, மஞ்சள்தூள் 10 கிராம், பூண்டு நாலு பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயைத் துருவிக் கலந்து, கையால் எடுத்து நாக்கில் தடவி விட வேண்டும். குளம்புக்குக் குப்பைமேனி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை, மருதாணி, துளசி சேர்த்து நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலம். புழு இருந்தால் சீத்தா இலை. இது எல்லாமே வீட்டிலும் வேலியோரத்திலும் கிடைப்பது. வைரஸைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வைரஸுக்கு இன்றும் மருந்து இல்லை. எரிச்சல் தணிந்து, வெல்லத்திலும் தேங்காயிலும் கொஞ்சம் தெம்பு கிடைத்து, மாடு சீக்கிரம் வாயை அசைக்கத் தொடங்கினால் அதுவே பாதி வெற்றி. கொட்டகைத் தரையைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால், நூறு பங்குக்கு நாலு பங்கு என்ற அளவில், கழுவினால் வைரஸ் நிற்காது. மருந்துக் கடைக்கு ஓடும் பலர் இந்த மலிவான வேலையைச் செய்வதில்லை.

சரி, ஒன்று போய் இன்னொன்று ஏன் போகவில்லை? வெக்கை வைரஸ் ஒரே வகை. ஒரு முறை ஊசி போட்டால் மாட்டுக்கு ஆயுசுக்கும் போதும். பிழைத்த மாடு வைரஸைச் சுமந்து திரிவதில்லை. முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1920களில் ஆட்டின் உடலில் திரும்பத் திரும்ப ஏற்றி வீரியம் குறைத்த தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தார். 1954இல் அதை வைத்தே நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பிறகு பிளோரைட் என்ற ஆங்கிலேயர் கென்யாவில் உருவாக்கிய திசு வளர்ப்பு ஊசி வந்தது, கலப்பின மாடுகளும் அதைத் தாங்கின. அப்படியும் நாற்பது ஆண்டு ஆனது.

காணை வைரஸ் ஏழு வகை. இந்தியாவில் இன்று சுற்றுவது ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று. நாலாவதாக இருந்த சி வகை 1995க்குப் பிறகு இங்கே காணப்படவில்லை. வெக்கை போன அதே வருடம். ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொரு வகைக்கு உதவாது. ஊசியின் காப்பும் ஆறு மாதம்தான். நோய் தீர்ந்த மாட்டின் தொண்டையில் வைரஸ் மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது. ஆட்டுக்கு வந்தால் புண் வெளியே தெரிவதே அரிது, அது நொண்டுவதைப் பார்த்து முள் குத்தியிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். பிரிட்டனில் 2001இல் காணை புகுந்தபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகளைக் கொன்று ஒழித்தார்கள். அந்த வழி இங்கே ஒரு நாளும் நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஆகவே நமக்கு மிஞ்சியது ஊசி ஒன்றுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று ஒளிந்திருந்தது. ஆடுகளுக்கு வாய் புண்ணாகி, மூக்கு ஒழுகி, இருமி, கழிந்து, கூட்டமாகச் சாவது புதிதல்ல. மாட்டு வெக்கை ஆட்டுக்குத் தொற்றிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் செத்த ஆடுகளைச் சோதித்தபோது அது வெக்கைக்குத் தம்பியான வேறு வைரஸ் என்று தெரிந்தது. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதல்முறை உறுதியானது அங்கேதான். அரசூரில் எடுத்த அந்த வைரஸையே வீரியம் குறைத்துச் சென்னையில் தடுப்பூசி செய்தார்கள்; அதன் பெயரிலேயே ஊரும் ஆண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு ஊசி சில ஆண்டுகள் தாங்கும். வெக்கையைப் போலவே இதையும் 2030க்குள் உலகை விட்டு அனுப்ப வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். குணத்தில் அண்ணனை ஒத்திருப்பதால் இது நடக்கக்கூடியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. செம்மறிக்கு வரும் நீலநாக்கு நோய் வேறு கதை, அது எச்சிலில் பரவாது, மழைக்குப் பின் பெருகும் சிறு பூச்சி கடித்துப் பரப்புவது.

2013 கடைசியில் தென் மாநிலங்கள் முழுக்கக் காணை பரவியது நினைவிருக்கும். கர்நாடகத்தில் ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன, தமிழ்நாட்டில் டெல்டாப் பக்கம் பலத்த அடி. வந்த வழியாகப் போய்விடும் நோயால் எப்படி மாடு செத்தது என்று பலர் அதிர்ந்தார்கள். கலப்பின மாடுகளும் கன்றுகளும்தான் அதிகம். 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா மாட்டுக்கும் எருமைக்கும் இலவச ஊசி என்கிறது. 2030க்குள் ஒழிப்பது இலக்கு. மஞ்சள் தோட்டில் உள்ள பன்னிரண்டு இலக்க எண் அந்தக் கணக்குக்காகத்தான்.

முகாம் நடக்கும் காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கும். பால் கறந்து முடித்ததும் மாடுகளைப் பொது இடத்துக்கு ஓட்டி வருவார்கள், அல்லது கால்நடை ஆய்வாளரே வீடு வீடாகப் போவார். தோளில் ஐஸ் பெட்டி. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும், உறைந்தாலும் கெட்டது, சூடேறினாலும் கெட்டது. கழுத்துத் தசையில் 2 மில்லி. எண்ணெய் கலந்த மருந்து, கெட்டியாக இறங்கும், போட்ட இடம் கொஞ்சம் வீங்கும். இரண்டொரு நாள் பால் குறைவது உண்மைதான். அதை மறைத்துப் பேசுவதால்தான் அடுத்த முறை, "சார், எங்க மாடு சினை, வேணாம்" என்று கொட்டகைக் கதவைச் சாத்துகிறார்கள். முதலிலேயே சொல்லிவிட்டால், நாலு லிட்டர் போகும், நாப்பது லிட்டர் மிச்சமாகும் என்ற கணக்கு யாருக்கும் புரியாததல்ல. பத்து வீட்டில் மூன்று வீடு ஒதுங்கினால் மற்ற ஏழு வீட்டுக்கும் பாதுகாப்பு அரைகுறைதான். வெக்கைக்கு ஊசி போட வந்தபோது ஒதுங்கியவர்கள் குறைவு. சாவைப் பார்த்திருந்தார்கள்.

மாடு தின்னவில்லை என்றால் இன்று 1962 என்ற எண்ணுக்கு அழைக்கிறார்கள், வண்டி வருகிறது. அதற்கு முன்பே எச்சில் ஒழுகும் மாட்டைக் கைபேசியில் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்லதுதான், கொட்டகைக்குக் கொட்டகை ஏறி இறங்கும் கால்கள் குறைகின்றன. ஆனால் படத்தில் நாக்கின் மேல்புறம் தெரியாது. "வாயைத் திறந்து காட்டுங்க" என்று மருத்துவர் சொன்னால், எதிர்ப்பக்கம் பிடிக்கத் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். பல வீடுகளில் இப்போது அது தாத்தாதான்.

வாயைப் பார்த்து ஒன்றும் தெரியாத இடம் ஒன்று உண்டு, கன்று. காணை வந்த கொட்டகையில் இளங்கன்றுக்கு வாயில் ஒரு கொப்புளம்கூட வராமல் போகலாம். வைரஸ் நேரே இதயத் தசையைத் தாக்கும். காலையில் முட்டி முட்டிப் பால் குடித்த கன்று திடீரென்று விழுந்து செத்துவிடும். அறுத்துப் பார்த்தால் இதயத்தில் வரி வரியாக வெளுத்த கோடுகள். ஊசி போட்ட தாயின் சீம்பால் சில மாதம் காக்கும். அது தீரும் நாலாம் மாதத்தில் கன்றுக்கு முதல் ஊசி, அடுத்த மாதமே இரண்டாவது. இந்த இரண்டாவது ஊசிதான் பெரும்பாலும் தவறுகிறது, ஏனென்றால் முகாம் ஊருக்கு வருவது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முகாம் அன்று மூன்று மாதமாக இருக்கும் கன்றை வயது போதாதென்று விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த முகாமுக்கு அதற்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். இடையில் கன்றைப் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு நடப்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான்.